துருப்பிடித்த போல்ட்டைப் பிடித்து வைத்திருப்பது எது?

கார் சக்கரத்தின் நட் ஒன்றை 100 நியூட்டன் மீட்டர் (முறுக்கை அளக்கும் அலகு) அளவுக்கு முடுக்குகிறீர்கள். அந்த முறுக்கில் சக்கரத்தை இறுக்கிப் பிடிக்கப் பயன்படுவது எவ்வளவு? ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். பாதிக்கு மேல் இல்லாவிட்டாலும் பாதியாவது, நட்டின் அடிமுகம் சக்கரத்தின் மேல் தேய்வதிலேயே போய்விடுகிறது. நூற்றில் இன்னொரு நாற்பது பங்கு மரைகளுக்கு உள்ளே உராய்வில் போகிறது. மீதிப் பத்துதான் போல்ட்டை நீட்டுகிறது.

ஆமாம், போல்ட் நீள்கிறது. கண்ணுக்குத் தெரியாத அளவுதான் என்றாலும், நீண்ட எஃகு பழைய நீளத்துக்குத் திரும்பப் பார்க்கும். அந்த இழுப்புத்தான் இரண்டு பாகங்களையும் சேர்த்து அழுத்துகிறது. 12 மி.மீ. போல்ட்டில் 100 நியூட்டன் மீட்டருக்கு அது 4 டன் அளவுக்கு வரும். சக்கரத்தைத் தாங்குவது மரை அல்ல, இந்த இழுப்பு.

இப்போது கழற்றுவதைப் பார்க்கலாம். உராய்வு எந்தப் பக்கம் திருப்பினாலும் எதிர்க்கும். ஆனால் மரை ஒரு சரிவு. நீண்டு நிற்கும் போல்ட், நட்டை அந்தச் சரிவில் வெளிப்பக்கமாகத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. முடுக்கும்போது நாம் செலவழித்த பத்துப் பங்கு, கழற்றும்போது நம் பக்கம் சேர்கிறது. அதனால் சுத்தமான நட் ஒன்று, முடுக்கியதைவிடக் குறைந்த முறுக்கிலேயே, சுமார் 80 சதவீதத்தில், இளகிவிட வேண்டும். அப்படி இளகவில்லை என்றால் இரண்டே காரணங்கள். ஒன்று, டயர் கடையில் ஏர் கன்னை வைத்து அளவில்லாமல் அடித்திருக்கிறார்கள். இதற்கு நீளமான கைப்பிடி போதும். மற்றது துரு. இதற்கு நீளமான கைப்பிடி பல நேரம் கேடு.

இரும்பு துருவாகும்போது பருக்கிறது. எந்த வகைத் துரு என்பதைப் பொறுத்து, பழைய கன அளவைப்போல இரண்டு முதல் ஆறு மடங்கு வரை. வெளியில் இருந்தால் உதிர்ந்துவிடும். மரைகளுக்கு நடுவில் இருக்கும் மெல்லிய இடைவெளியில் உருவானால் உதிர இடமில்லை. அங்கேயே இறுகி ஆப்பாக நிற்கும். கடலோர ஊர்களில் உப்புக் காற்று இந்த வேலையை வேகப்படுத்துகிறது. எஃகு போல்ட் அலுமினியத்துக்குள் இருந்தால் வேறு சிக்கல்: ஈரம் பட்டதும் இரண்டு உலோகங்களும் சேர்ந்து ஒரு பேட்டரி மாதிரி இயங்கி, அலுமினியம் அரிந்து வெள்ளைப் பொடியாகி அடைத்துக்கொள்ளும்.

இங்கேதான் குழாயைச் செருகி ஏறி நிற்கும் வைத்தியம் பலிக்காமல் போகிறது. 8 மி.மீ. போல்ட்டுக்கு வழக்கமான முடுக்கு 25 நியூட்டன் மீட்டர் அளவுதான். ஸ்பேனரில் 60 செ.மீ. குழாய் செருகி முனையில் 30 கிலோ கனத்துக்கு அழுத்தினால் 175-ஐத் தாண்டிவிடும். துரு விடுவதற்குள் போல்ட்டின் கழுத்து முறிந்து தலை கையோடு வந்துவிடும். போதாததற்கு, நட்டின் மேல் மாட்டித் திருப்பும் சாக்கெட்டில் பன்னிரண்டு முனை உள்ளதைப் போட்டால் விசையெல்லாம் நட்டின் மூலைகளிலேயே விழும். மூலை மழுங்கினால் அப்புறம் எதுவும் பிடிக்காது. ஆறு முனை சாக்கெட் பக்கங்களின் மேல் அழுத்தும். இந்த வேலைக்கு அதைத் தவிர வேறொன்றையும் எடுக்க வேண்டாம் என்பேன்.

சரி, துருவின் பலவீனம் என்ன? அது நொறுங்கும் பொருள். எஃகு வளைந்து கொடுத்துப் பழைய நிலைக்கு வரும். துருவால் அது முடியாது. ஆகவே நிதானமான பெரிய விசையைவிட, திடீர் அதிர்ச்சி அதை நன்றாக உடைக்கும். 1 கிலோ சுத்தியல் நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் வந்து, ஆயிரத்தில் ஒரு நொடியில் நின்றால், அந்தக் கணத்தில் பிறக்கும் விசை 5,000 நியூட்டன், அதாவது அரை டன் கனம். அது வந்ததும் போய்விடுவதால் போல்ட்டை முறுக்கி முறிக்கும் அளவுக்கு நிற்பதில்லை. போல்ட்டின் தலையில் நேராக நாலு தட்டுத் தட்டச் சொல்வது இதற்காகத்தான். இம்பேக்ட் ரெஞ்ச் செய்வதும் இதே வேலை; உள்ளே ஒரு சுத்தியல் சுழன்று சுழன்று திருப்பும் திசையில் அடிக்கிறது. கழற்றும் முன் கொஞ்சம் முடுக்கிப் பார்ப்பதும் இந்த வகைதான்: எந்தப் பக்கம் அசைந்தாலும் துருவில் விரிசல் விழும்.

விரிசல் விழுந்தால்தான் எண்ணெய்க்கு வழி. தண்ணீரை உள்ளே கொண்டுபோன அதே நுண்துளை ஏற்றம்தான், அதாவது மெல்லிய இடுக்கில் திரவம் தானாக ஏறும் இயல்புதான், எண்ணெயையும் இழுத்துப் போகிறது. எஞ்சின் ஆயில் கெட்டியானது, மெதுவாகத்தான் நகரும். ஊடுருவும் எண்ணெய்கள் மிக நீர்த்தவை, உலோகத்தில் எளிதில் பரவுபவை. எல்லார் வீட்டிலும் இருக்கும் டபிள்யூடி-40, 1953-ல் அமெரிக்காவின் சான் டியேகோவில் ஈரத்தை விரட்டுவதற்கென்று உருவானது. போல்ட் கழற்றுவது அதற்குப் பின்னால் வந்து சேர்ந்த வேலை. பரவாயில்லை, அவசரத்துக்கு உதவும். இதற்கென்றே விற்கும் எண்ணெய் கிடைத்தால் அதுவே மேல். எதை அடித்தாலும் காத்திருக்க வேண்டும். மெல்லிய இடுக்கில் திரவம் ஊடுருவும் ஆழம் நேரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. இரண்டு மடங்கு ஆழத்துக்கு நான்கு மடங்கு நேரம் பிடிக்கும். மாலையில் அடித்துவிட்டுக் காலையில் ஸ்பேனர் எடுப்பது சோம்பல் இல்லை, கணக்கு.

அதற்கும் மசியாவிட்டால் சூடு. ஒன்றுக்குள் ஒன்று சிக்கிய எவர்சில்வர் டம்ளர்களை வெளியே வெந்நீர், உள்ளே குளிர்ந்த நீர் விட்டுப் பிரிப்போமே, அதே கணக்கு. நட்டைச் சூடாக்கினால் அதன் துளையும் விரியும், சுருங்காது. 12 மி.மீ. துளை 200 டிகிரி கூடுதல் சூட்டில் சுமார் 0.03 மி.மீ. பெரிதாகும். சொற்பம்தான், ஆனால் துருவின் பிடியை விடுவிக்கப் பல நேரம் அது போதும். நட் சூடாகவும் போல்ட் அதைவிடக் குளிர்ச்சியாகவும் இருக்க வேண்டும். ஆகவே வேகமாகச் சூடாக்கி, போல்ட்டுக்குச் சூடு பரவும் முன் திருப்ப வேண்டும். அலுமினியப் பாகம் என்றால் இந்தக் கவலை குறைவு, அது எஃகைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும்.

ஆனால் பிரேக் ஹோஸ், பெட்ரோல் குழாய், ஷாக் அப்சார்பர் பக்கத்தில் தீ வேண்டாம். எண்ணெய் ஈரம் இருக்கும் இடத்தில் தீயைக் காட்டவும் வேண்டாம். குளோரின் கலந்த பிரேக் கிளீனர் அடித்த பாகத்தைச் சூடாக்கினால் பாஸ்ஜீன் என்ற நச்சு வாயு பிறக்கலாம். முதல் உலகப் போரில் ஆயுதமாகப் பயன்பட்ட அதே வாயு.

கழன்று வந்த பிறகு திருப்பிப் போடுவதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. எண்ணெய் ஊறிய சக்கர போல்ட்டைத் துடைக்காமல் அதே 100 நியூட்டன் மீட்டருக்கு முடுக்கினால், உராய்வு தின்ன வேண்டிய பங்கில் ஒரு பகுதி போல்ட்டை நீட்டுவதற்குப் போய்விடும். பத்தாக இருந்தது பதினைந்து ஆனாலே இழுப்பு ஒன்றரை மடங்கு. கார் தயாரிப்பாளர்கள் சக்கர நட்டுகளுக்குத் தரும் முடுக்கு அளவு பெரும்பாலும் காய்ந்த மரைக்கானது. ஆகவே கம்பி பிரஷ்ஷால் துருவைத் தேய்த்து, எண்ணெயைத் துணியால் ஒற்றியெடுத்துவிட்டு, முறுக்கை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து முடுக்க வேண்டும். துருத் தடுப்புப் பசை தடவலாமா என்பதற்கு அந்தக் காரின் கையேடு சொல்வதுதான் பதில்.