ரொறன்ரோவுக்கு வழி வடக்கே

யாழ்ப்பாணத்தில் நின்றுகொண்டு கனடா எந்தப் பக்கம் என்று கேட்டால், மேற்கே கைகாட்டுபவர்கள்தான் அதிகம். சுவரில் தொங்கும் உலகப்படமும் அப்படித்தான் காட்டுகிறது. யாழ்ப்பாணத்து விமான நிலையம் இருக்கும் பலாலியையும் ரொறன்ரோவையும் அடிமட்டம் வைத்து இணைத்தால் கோடு அரபிக்கடல், சகாரா, அத்திலாந்திக் என்று ஓடும். திசை மாறாமல் அந்தக் கோட்டில் பறந்தால் ஏறக்குறைய 15,950 கிலோமீற்றர். மிகக் குறுகிய வழியோ சுமார் 13,700 கிலோமீற்றர்தான். அது பலாலியில் இருந்து வடக்கே, சற்று மேற்காகச் சாய்ந்து கிளம்புகிறது.

2,000 கிலோமீற்றருக்கு மேல் எப்படி மிச்சமாகிறது? மத்தியகோட்டில் ஒரு பாகை நெடுங்கோட்டின் அகலம் 111 கிலோமீற்றர். 60 பாகை வடக்கே போனால் அது பாதியாகிவிடும். துருவத்தில் எல்லா நெடுங்கோடுகளும் ஒரே புள்ளியில் கூடிவிடும். தட்டையான படம் இதை மறைத்து, எல்லாவற்றையும் ஒரே அகலத்தில் வரைகிறது. யாழ்ப்பாணம் கிழக்கு நெடுங்கோடு 80இல், ரொறன்ரோ மேற்கு 80க்குக் கிட்ட. இடைவெளி 160 பாகை. இன்னும் 20 பாகை கூடியிருந்தால், குறுகிய வழி நேரே வடதுருவத்துக்கு மேலாகவே போயிருக்கும்!

பூகோள உருண்டை ஒன்று கிடைத்தால் இரண்டு ஊருக்கும் இடையே நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள். நூல் பெஷாவர் பக்கமாக ஏறி, கசகஸ்தானைக் கடந்து, ரஷ்யாவின் ஆர்க்காங்கெல்ஸ்க் அருகே போய், 73ஆம் பாகை வரை உயர்ந்து, கிறீன்லாந்தின் பனிக்கு மேலாகக் கியூபெக்கில் இறங்கும். பெருவட்டப் பாதை என்பது இதுதான். விமானத்தில் முன்சீற்றுத் திரையில் வில்லாக வளைந்து தெரிகிற கோடும் இந்த வகைதான்.

கணக்கும் பெரிய வித்தை இல்லை. பூமியின் மையத்தில் இரண்டு ஊர்களும் அமைக்கும் கோணம் 123.4 பாகை, அதை ஒரு பாகைக்கு 111.2 கிலோமீற்றர் என்று பெருக்கினால் சரி. பூமி துருவங்களில் கொஞ்சம் தட்டையானது என்பதால் சிறு பிழை வரும், அரை வீதத்தைத் தாண்டாது.

சரி, அந்த வழியில் யார் பறக்கிறார்கள்? ஒருவரும் இல்லை. பலாலியில் இருந்து சென்னைக்குப் போகும் சிறிய ஏடிஆர் விமானம் 355 கிலோமீற்றரோடு இறங்கிவிடும். ரஷ்ய வான்பரப்பும் 2022 முதல் கனடிய விமானங்களுக்கு மூடப்பட்டிருக்கிறது. ஆகவே நம்மவர்களில் பலர் வடக்கே போகவேண்டிய பயணத்தை, இரவில் வான் வண்டியில் ஏறித் தெற்கே கட்டுநாயக்க விமான நிலையத்துக்குப் போய்த்தான் தொடங்குகிறார்கள்.

அங்கிருந்து டுபாய் 3,290, டுபாயில் இருந்து ரொறன்ரோ 11,080, மொத்தம் 14,370 கிலோமீற்றர். கட்டுநாயக்கவில் இருந்து நேரே பறந்தாலும் 14,000 வரும். சுற்றுப்பாதை என்று நாம் சலித்துக்கொள்வது வெறும் 370தான். நீண்ட பாதையில் கொஞ்சம் பக்கவாட்டாக விலகினால் தூரம் அவ்வளவாகக் கூடாது. நேரத்தைத் தின்பது டுபாயில் அடுத்த விமானத்துக்குக் காத்திருப்பதும் எதிர்க்காற்றும்தான். உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் தாரைக்காற்று போகும்போது முகத்தில் அடிக்கும், வரும்போது முதுகில் தள்ளும். அதனால் ரொறன்ரோவில் இருந்து டுபாய்க்குத் திரும்பும் விமானம், அதே தூரத்தை ஒரு மணித்தியாலத்துக்கு மேல் முந்திக் கடந்துவிடும்.