வாடகை ஒழுங்காக வருகிறதா? ஒரு நடை மலையேறிப் பார்த்துவிடுங்கள்

குன்னூரில் வக்கீல் தொழில் செய்கிறேன். வீட்டுக்காரர்கள் என்னிடம் வாடகை பாக்கிக்காகத்தான் வருவார்கள் என்று பலரும் நினைக்கிறார்கள். பாக்கிக்குச் சட்டத்தில் வழி இருக்கிறது. இரண்டு மாத வாடகை நின்று, நோட்டீஸ் விட்டும் கட்டவில்லை என்றால் வாடகை நீதிமன்றம் போகலாம். என்னைத் திணறடிப்பது தேதி தவறாமல் வாடகை போடும் ஆள்தான்.

இங்கே வீடு வைத்திருப்பவர்களில் பலர் கோவையிலோ சென்னையிலோ இருக்கிறார்கள். அப்பா காலத்து வீடு. பூட்டி வைத்தால் பூஞ்சை பிடிக்கும். புரோக்கர் ஒரு ‘நல்ல குடும்பம்’ கொண்டுவருகிறார். அதன்பின் மாதாமாதம் பணம் வந்துவிடுகிறது, யாரும் மேலே வருவதில்லை.

ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் மின்வாரியக் கடிதத்தோடு வந்தார். வீட்டு இணைப்பை வணிகத்துக்குப் பயன்படுத்தியதாக, மின்சாரச் சட்டம் 2003, பிரிவு 126-இன் கீழ் கணக்குப் போட்டிருந்தார்கள். இந்தப் பிரிவில் உரிய கட்டணத்தைப் போல் இரண்டு மடங்கு வசூலிப்பார்கள். எப்போதிருந்து நடக்கிறது என்று தெரியாவிட்டால் 12 மாதம் வரை பின்னோக்கிப் போவார்கள். இணைப்பு அவர் பெயரில், கடிதமும் அவர் பெயரில். அவருடைய அண்ணன் மகன் என் மேசையில் உட்கார்ந்தே தங்கும் விடுதிச் செயலி ஒன்றைத் தேடினான். ஆசிரியையின் அம்மாவுடைய தேக்கு பீரோ பின்னால் தெரிய, அவர் வாடகைக்கு விட்டிருந்த வீட்டின் படுக்கையறை, ஓர் இரவுக்கு இவ்வளவு என்று விலையோடு வந்தது. கீழே ஒரு விருந்தாளி, வெந்நீர் வரவில்லை என்று குறை எழுதியிருந்தார். “புது கீசர் போன வருஷம்தானே மாட்டிக் கொடுத்தேன்!” என்று அம்மையாருக்கு வந்த கோபம் முதலில் அதன் மேல்தான்.

மின்கட்டணத்தோடு போனால் அதிர்ஷ்டம். மலைப் பகுதியில் கட்டட அனுமதிக்குத் தனி விதிகள் உண்டு. குடியிருப்பு என்று அனுமதி வாங்கிய வீட்டில் காட்டேஜ் நடந்தால் சீல் வரை போகும். கொடைக்கானலில் 2019-இல் உயர் நீதிமன்ற உத்தரவின்படி விடுதிகளுக்கு வரிசையாகச் சீல் வைத்ததைப் பலர் மறந்திருக்க மாட்டார்கள். சீல் விழுவது கட்டடத்தின் மேல். வாடகைக்கு இருந்தவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அடுத்த வீடு பார்த்துவிடுவார்.

அடுத்தது தடுப்புச் சுவர், அதாவது மேட்டு மண் சரியாமல் தாங்கி நிற்கும் சுவர். சமவெளியில் இருப்பவர்களுக்கு இது சட்டென்று புரியாது. கட்டட அமைப்பு, குழாய், வயரிங் எல்லாம் வீட்டுக்காரர் பொறுப்பு. குழாய் வாஷர், சாக்கடை அடைப்பு, ஜன்னல் கண்ணாடி வாடகைதாரர் பொறுப்பு என்று வாடகைச் சட்டத்தின் அட்டவணையே பிரித்துக் கொடுக்கிறது. காகிதத்தில் தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால் சுவருக்கு மேலே ஓடும் வாய்க்காலில் சருகு அடைத்து, ஆடி மழைத் தண்ணீர் சுவரின் பின்பக்கம் இறங்கி, வடிகுழாய்களும் அடைபட்டு, சுவர் வயிறு தள்ளி நிற்கும்போது யார் பொறுப்பு? வாய்க்கால் அவர் கணக்கு, சுவர் உங்கள் கணக்கு. கீழ்வீட்டுக்காரர் நோட்டீஸ் அனுப்புவது உங்களுக்கு. விருந்தாளிகளின் கார் நிறுத்த ராத்திரியோடு ராத்திரியாக ஜே.சி.பி. விட்டு மேட்டை வெட்டியிருந்தால் கேட்கவே வேண்டாம்; நீலகிரியில் அந்த வண்டியை ஓட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும், விசாரணையில் நிலத்தின் சொந்தக்காரரைத்தான் முதலில் கூப்பிடுவார்கள்.

கோபத்தில் பலர் செய்வது, தண்ணீர் வால்வை மூடுவது அல்லது ஃபியூஸைப் பிடுங்குவது. தயவுசெய்து செய்யாதீர்கள். தண்ணீர், மின்சாரம் போன்ற அத்தியாவசிய வசதிகளை நிறுத்தக் கூடாது என்று சட்டம் தெளிவாகச் சொல்கிறது. வாடகைதாரர் ஒரு மனு போட்டால், நியாயம் கேட்டு வந்த நீங்கள் பதில் சொல்லும் இடத்தில் நிற்பீர்கள்.

பன்னிரண்டு வருடம் குடியிருந்தால் வீடு அவருக்கே என்ற பயம் ஊரெல்லாம் இருக்கிறது. உங்கள் அனுமதியோடு வாடகைக்கு இருப்பவருக்கு, வருடக் கணக்கை மட்டும் காட்டி அந்த உரிமை வராது.

இன்னொரு நம்பிக்கை, பதினொரு மாத பத்திரம் போட்டால் பதிவு வேண்டாம் என்பது. தமிழ்நாட்டின் 2017-ஆம் வருட வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி காலம் எவ்வளவானாலும் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். இணையத்திலேயே பதியலாம். புரோக்கர் வைத்திருக்கும் பழைய மாதிரிப் பத்திரத்தில் பெயரை மட்டும் மாற்றிக் கையெழுத்துப் போடாதீர்கள். குடியிருப்புக்கு மட்டும், நாள் வாடகைக்கு விடக் கூடாது, எந்தச் செயலியிலும் பதியக் கூடாது, மண் வெட்டக் கூடாது, மழைக்கு முன் வாய்க்கால் சுத்தம் செய்வது யார் என்பதெல்லாம் வரி வரியாக எழுதுங்கள். எழுத்துச் சம்மதம் இல்லாமல் உள்வாடகை விடுவதே காலி செய்யச் சொல்லப் போதுமான காரணம். கெடு முடிந்தும் காலி செய்யாதவரிடம் இரட்டை வாடகை கேட்கவும் சட்டத்தில் இடம் உண்டு.

வீட்டைப் பார்வையிட உங்களுக்கு உரிமை உண்டு. 24 மணி நேரத்துக்கு முன்பே எழுத்தில் தெரிவித்துவிட்டுப் போங்கள். மழை தொடங்கும் முன் ஒருமுறை சுவருக்காக, மே மாதச் சனிக்கிழமை ஒன்றில் இன்னொரு முறை விருந்தாளிகளுக்காக. வாசலில் எந்தெந்த ஊர் நம்பர் பிளேட் நிற்கிறது என்று பாருங்கள். மணி அடிப்பதற்கு முன் மீட்டரை ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.