"பெயரை மாற்றிவிட்டேன்" என்று சொல்லிக்கொண்டு வராதீர்கள்

சென்ற மாதம் இன்னொருவர் வந்தார். இந்த ஆண்டில் இவர் நான்காமவர். பத்திரப்பதிவு அலுவலகத்தில் முப்பத்து நான்கு ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தன் வேலையையும் தன் குடும்பத்தையும் சேர்த்து முதல் நாவல் எழுதி, யாரிடமும் காட்டாமல் 500 பிரதி அச்சடித்து, சொந்தக்காரர்களுக்கெல்லாம் கொடுத்தும் விட்டார். என் மேசைமேல் அவர் வைத்தது நாவலை அல்ல, வழக்கறிஞர் நோட்டீசை. "தம்பி, எல்லார் பெயரையும் மாற்றித்தானே எழுதினேன்" என்றார். அவர் கை நடுங்கிக்கொண்டிருந்தது.

பாளையங்கோட்டையில் உட்கார்ந்து பிறர் எழுத்தைச் செம்மை செய்வது என் தொழில். இந்த ஒரு வாக்கியத்தை எத்தனை முறைதான் கேட்பது! அவருடைய ஒப்புதலோடுதான் இதை எழுதுகிறேன். துறை, உறவுமுறை, சம்பவம் மூன்றையுமே வேறாக்கியிருக்கிறேன்.

நாவலில் ஒரு பெரியப்பா வருகிறார். புறவாசல் கிணற்றுக்கு இரும்பு மூடி போட்டுப் பூட்டி, சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டு திரிந்தவர். குளிக்கும்போதும் அவிழ்க்கமாட்டார். தண்ணீர் வேண்டுமென்றால் வீட்டுப் பெண்கள் அவரைத் தேடிக்கொண்டு போக வேண்டும். எழுதியவர் பிரியத்தோடுதான் எழுதியிருக்கிறார். ஆனால் போகிற போக்கில், பெரியப்பாவுக்குச் சித்தம் கலங்கியிருந்தது என்றும், தங்கையிடம் ஏமாற்றிக் கையெழுத்து வாங்கினார் என்றும் இரண்டு வரி சேர்த்துவிட்டார். அந்தப் பெரியப்பாவின் பேத்திக்கு அப்போது மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். "எங்கள் மாமனாரைப் பைத்தியம் என்று ஊருக்கே அச்சடித்துக் கொடுத்தீர்களே கொழுந்தனாரே" என்று மதினி கேட்டதோடு பேச்சு நின்றது. பங்குனி உத்திரத்துக்குக் குலதெய்வம் சாஸ்தா கோயிலுக்கு எல்லாரும் ஒரே வேனில் போகிற குடும்பம். இந்த ஆண்டு இரண்டு வேன் போயிற்று. பொங்கல் பானையும் இரண்டு.

பெயரை மாற்றினாராம்! நம் திருநெல்வேலிச் சீமையில் ஒரு மனிதரின் பெயருக்கு என்ன வேலை இருக்கிறது, சொல்லுங்கள். பள்ளிக்கூடப் பதிவேட்டிலும் கல்யாணப் பத்திரிகையிலும் மட்டும்தான் அது இருக்கும். மற்ற நேரமெல்லாம் பட்டப்பெயர், வீட்டு அடையாளம், செய்கிற தொழில், நடக்கிற நடை. வேப்பமரத்து வீட்டு அண்ணாச்சி என்றால்தான் தபால்காரருக்கே தெரியும். அப்படிப்பட்ட ஊரில், கிணற்றுப் பூட்டை அப்படியே வைத்துவிட்டு, தெருவை அப்படியே வைத்துவிட்டு, சுப்பையாவைக் கந்தையா ஆக்கினால் யாருக்கு அடையாளம் தெரியாமல் போகும்? மூன்று விவரங்கள் ஒன்றுசேர்ந்தால் ஆள் தெரிந்துவிடும். பெயர் நான்காவது விவரம், அவ்வளவுதான். முதல் பக்கத்தில் "இதில் வரும் பாத்திரங்கள் யாவும் கற்பனையே" என்று போட்டுவிட்டால் போதும் என்று நினைப்பதும் இதே தவறுதான். அந்த வரி தாயத்து அல்ல. வாசிப்பவர் ஆளை அடையாளம் கண்டுகொண்டாரா என்பதுதான் கேள்வி.

சட்டமும் அப்படித்தான் பார்க்கிறது. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவு அவதூறு பற்றியது. இரண்டு ஆண்டு வரை வெறுங்காவல், அதாவது கடின வேலை இல்லாத சிறைத் தண்டனைக்கு அதில் இடம் உண்டு. இறந்தவரைப் பற்றி என்ன வேண்டுமானாலும் எழுதலாம் என்றும் பலர் நம்புகிறார்கள். உயிரோடு இருந்தால் அவர் மதிப்பைக் கெடுத்திருக்கக்கூடிய ஒன்றை, குடும்பத்தார் மனம் புண்பட வேண்டுமென்று எழுதினால் அதுவும் அவதூறே. "நடந்ததைத்தானே எழுதினேன்" என்பதும் தானாகக் காப்பாற்றாது; உண்மையாக இருப்பதோடு, அதை வெளியிடுவதில் பொதுநன்மையும் இருக்க வேண்டும். காவல்துறையிலும் மருத்துவமனையிலும் நீதிமன்றத்திலும் வேலை பார்த்தவர்களுக்கு இன்னொன்று. பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவரின் பெயர் மட்டுமல்ல, அடையாளத்தைக் காட்டிக்கொடுக்கும் எந்த விவரத்தை அச்சிட்டாலும் குற்றம். அதைச் சொல்வது அதே சட்டத்தின் 72ஆம் பிரிவு. நான் வழக்கறிஞன் அல்லன். சந்தேகம் இருந்தால் அச்சகத்துக்குப் போகும் முன் அவர்களிடம் போங்கள்.

சட்டத்தைவிட எனக்கு ஆற்றாமை தருவது வேறு. பெயரை மட்டும் மாற்றியதால் அந்த நாவலும் கெட்டது. "பெரியப்பா ஏன் கிணற்றைப் பூட்டினார்?" என்று கேட்டேன். "அவர் அப்படித்தான், தம்பி" என்றார். அந்தப் பதில் போதுமென்றால், எழுதியது திண்ணைப் பேச்சு. காரணத்தை நீங்கள் தேட வேண்டும். தெரியாவிட்டால் கற்பிக்க வேண்டும். ஒரு குழந்தை அந்தக் கிணற்றில் விழுந்திருக்கலாம். பங்காளிச் சண்டையில் யாரோ அதில் எதையோ கலந்துவிடுவதாக மிரட்டியிருக்கலாம். காரணம் கிடைத்த கணமே அவர் வேறொரு மனிதராக நடக்கத் தொடங்குவார். அப்போது பெரியப்பாவை ஆச்சி ஆக்கலாம், கிணற்றை, சாமான் வைக்கும் உள்ளறையான அரங்குவீடு ஆக்கலாம். உங்களை எழுதத் தூண்டிய அந்தப் பூட்டின் பாரம் மட்டும் கதையில் இருக்கும். மதினியின் மாமனார் இருக்கமாட்டார்.

வேலை அனுபவத்திலும் இதுதான் கதை. நாவலில் அறுபது பக்கம் மாறுதல் உத்தரவும் பதவி உயர்வும். பணிப்பதிவேட்டுக்கு அத்தியாய எண் போட்டால் நாவல் ஆகாது, ஐயா! ஆனால் தேநீர் குடிக்கும்போது அவர் சொன்னது என்ன தெரியுமா? தமிழ்நாட்டில் 1989இல் இருந்து இந்துக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு என்று சட்டம் ஆனது. அதன் பிறகு அண்ணன் தம்பிமார் அக்கா தங்கைகளைக் காரில் கூட்டிக்கொண்டு, அவர்கள் தங்கள் பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதிய விடுதலைப் பத்திரத்தோடு வந்து நிற்பார்களாம். கைநாட்டு வைத்துவிட்டு, பெருவிரல் மையைத் தலைமுடியில் துடைத்துக்கொண்டே, "எங்கள் அண்ணன் நன்றாக இருந்தால் போதும்" என்று சொன்ன பெண்களை அவர் முப்பது ஆண்டுகள் பார்த்திருக்கிறார். அதில் ஒரு வரிகூட நாவலில் இல்லை. "இதெல்லாம் தினம் நடப்பதுதானே" என்றார். தினம் நடந்ததைத்தான் ஐயா உங்களைத் தவிர வேறு யாராலும் எழுத முடியாது.

எழுதிக்கொண்டிருப்பவர்களுக்குச் சில சொற்கள். அலுவலகக் கோப்பின் நகல் எதையும் நாவலில் ஒட்டாதீர்கள். பழைய கடிதம் உங்கள் பெட்டியில் இருக்கலாம், ஆனால் காப்புரிமை எழுதியவருடையது. அவர் இல்லையென்றால் வாரிசுகளுடையது. முதலில் இருபது பிரதி போடுங்கள், அதற்கு இப்போது வசதி இருக்கிறது. புத்தகத்தின் அடையாள எண்ணான ஐ.எஸ்.பி.என்.னுக்கென்று தனியாகப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள், இந்தியாவில் அது இலவசம். கையெழுத்துப் பிரதியை முதலில் உங்களைப் புகழாத ஒருவரிடம் கொடுங்கள். குடும்பத்தில் யார் மனம் நோகும் என்று உங்களுக்கே தெரியும். அவரிடம் அச்சாகும் முன் நீங்களே போய் வாசித்துக் காட்டுங்கள். தயவுசெய்து இதை மட்டுமாவது செய்யுங்கள்.

மிச்சப் பிரதிகள் அவர் வீட்டு அரங்குவீட்டில் அடுக்கியிருக்கின்றன. என்ன செய்வது என்று கேட்டார். ஒன்றையும் வெளியே எடுக்க வேண்டாம், நோட்டீசுக்குப் பதிலை வழக்கறிஞர் பார்த்துக்கொள்வார், நீங்கள் புத்தகம் இல்லாமல் மதினி வீட்டுக்குப் போங்கள் என்றேன். கிணறு பூட்டியிருந்த காரணம் அவருக்குத் தெரிந்திருக்கலாம், கேட்டுப் பாருங்கள் என்றும் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை போவதாகச் சொல்லியிருக்கிறார்.