பச்சை படிந்த உருளைக்கிழங்கைச் சமைக்காதீர்கள்

வீட்டுத் தோட்டத்தில் முதன்முதலாக உருளைக்கிழங்கு எடுத்தவர்கள் ஆசையாகப் படம் அனுப்புவார்கள். தோட்டக்கலை ஆலோசகராக நான் முதலில் பார்ப்பது தோலின் நிறத்தைத்தான். இரண்டு மூன்று கிழங்காவது பச்சை படிந்திருக்கும். "வேகவைத்தால் சரியாகிவிடும்தானே?" என்பார்கள். ஆகாது.

உருளைக்கிழங்கு வேர் இல்லை, மண்ணுக்குள் பருத்த தண்டு. அதனால் வெளிச்சம் பட்டதும் இலையைப் போலவே பச்சையம் பிடிக்கிறது. பச்சையத்தால் கெடுதல் இல்லை. ஆனால் அதே வெளிச்சத்தில் சொலனின், சாக்கோனின் என்ற நச்சுப்பொருட்களும் தோலிலும் அதை ஒட்டிய சதையிலும் கூடுகின்றன. கொதிக்கும் தண்ணீர் இவற்றை அழிக்காது. அளவு மீறினால் வாந்தி, வயிற்றுவலி, வயிற்றுப்போக்கு வரும். ஓரத்தில் லேசான பச்சை என்றால் ஆழமாகச் சீவி எறியலாம். நன்றாகப் பச்சையானதையும் கசப்பதையும் முழுதாக எறிந்துவிடுங்கள், குழந்தைகள் இருக்கும் வீட்டில் யோசிக்கவே வேண்டாம். செடியில் தக்காளிப் பிஞ்சு போலத் தொங்கும் காயும் நஞ்சுதான். அதைக் குழந்தைகளுக்குக் காட்டியே சொல்லி வையுங்கள்.

மண்ணுக்குள் கிழங்கு பச்சையாவதைத் தடுப்பது ஒரே வேலை: மண் அணைப்பது, அதாவது செடியின் அடியைச் சுற்றி மண்ணைக் குவிப்பது. விதைக்கிழங்கைச் சுமார் 10 சென்டிமீட்டர் ஆழத்தில், 30 சென்டிமீட்டர் இடைவெளியில் நடுங்கள். புதுக் கிழங்குகள் விதைக்கிழங்குக்கு மேலேதான் பிடிக்கும். அதனால் செடி 15 முதல் 20 சென்டிமீட்டர் வளர்ந்ததும் தண்டின் பாதி மறையும்படி மண்ணை அணையுங்கள். இரண்டு மூன்று வாரம் கழித்து இன்னொரு முறை. பலர் முதல் முறையோடு விட்டுவிடுகிறார்கள், பச்சைக் கிழங்கு வருவது அங்கேதான். பலத்த மழைக்குப் பிறகும் ஒருமுறை போய்ப் பாருங்கள். மண் கரைந்து கிழங்கு எட்டிப் பார்த்தால் உடனே மூடிவிடுங்கள். தொட்டியிலும் பையிலும் வளர்ப்பவர்கள் முதலில் பாதி மண் மட்டும் நிரப்பிவிட்டு, செடி உயர உயர மீதியைப் போடலாம்.

இலைகள் மஞ்சளாகிக் காய்ந்த பிறகு இரண்டு வாரம் பொறுத்துத் தோண்டுங்கள். கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தால் தோல் உரியக் கூடாது. உரிந்தால் இன்னும் சில நாள் மண்ணிலேயே இருக்கட்டும். செடியிலிருந்து தள்ளி மண்வெட்டியைப் போடுங்கள். வெட்டுப்பட்டவை சேமிப்பில் அழுகும், அவற்றை முதலில் சமைத்துவிடுங்கள்.

எடுத்ததைக் கழுவ வேண்டாம். வெயிலில் பரப்பவும் வேண்டாம். காற்றோட்டமான இருட்டில் பத்து நாள் ஆறவிட்டு, அப்புறம் சாக்கில் போட்டு வையுங்கள். சமையலறை ஜன்னலோரத்தில் கூடை வைத்திருந்தால் இன்றே இடம் மாற்றுங்கள்.