கன்றுக்குட்டியின் கண்ணைச் சுற்றி ஒரு வட்டம்

தொண்டிப் பக்கமிருந்து ஒரு வாசகி தன் கன்றுக்குட்டியின் படத்தை அனுப்பியிருந்தார். கண்ணைச் சுற்றியும் கழுத்திலும் பத்து ரூபாய் நாணயம் அளவுக்கு முடி கொட்டி, சுண்ணாம்பு அப்பியதுபோல் பொருக்குத் தட்டியிருந்தது. “பல்லி எச்சம் பட்டதுன்னு சொல்றாங்க சார். இப்ப மக கையிலயும் வந்திருச்சு” என்று எழுதியிருந்தார்.

பல்லி பாவம், அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இது படர்தாமரை. மாட்டுக்குப் பெரும்பாலும் டிரைக்கோபைட்டன் வெருக்கோசம் என்ற பூஞ்சையால் வருகிறது. பூனைக்கும் நாய்க்கும் மைக்ரோஸ்போரம் கேனிஸ். இரண்டுமே மனிதருக்குத் தொற்றும். ஐப்பசி மழையில் ஈரம் காயாத கொட்டகை, நெருக்கிக் கட்டிய கன்றுகள், சீமைக்கருவேல முள் கீறிய தோல். பூஞ்சையின் வித்து ஒட்ட இது போதும்.

என்னை வியக்க வைப்பது இந்தப் பூஞ்சை முடியைத் தின்னும் விதம். பூனை விழுங்கிய முடி செரிக்காமல் உருண்டையாக வெளியே வருவதைப் பார்த்திருப்பீர்கள். முடியில் இருக்கும் கெரட்டின் புரத இழைகளைக் கந்தக அணுக்கள் இரண்டிரண்டாகக் கைகோத்து, மீன்வலை முடிச்சுபோல இறுக்கி வைத்திருக்கின்றன. நொதிகள் நுழைந்து வெட்ட இடமில்லை. பூஞ்சை முதலில் சல்பைட் என்ற கந்தகச் சேர்மத்தைச் சுரந்து அந்த முடிச்சுகளை அவிழ்க்கிறது. பிறகுதான் நொதிகள் இழையைத் துண்டு போடுகின்றன. சல்பைட் எங்கிருந்து வந்தது? தின்ற முடியிலிருந்தேதான்! கெரட்டினில் சிஸ்டீன் என்ற, கந்தகம் கொண்ட அமினோ அமிலம் ஏராளம். அளவு மீறினால் பூஞ்சைக்கே நஞ்சு. அதைச் சல்பைட்டாக மாற்றி வெளியே தள்ளிவிடுகிறது. அந்தக் கழிவு அடுத்த முடிச்சை அவிழ்க்கிறது.

உடலின் எதிர்ப்பு பின்னாலேயே துரத்துவதால் நடுப்பகுதி ஆறும், விளிம்பு மட்டும் விரியும். வட்டம் விழுவது அதனால்தான்.

கன்றுகளுக்குப் பெரும்பாலும் சில மாதங்களில் தானாகவே ஆறிவிடும். அதனால் எதைத் தடவினோமோ அதற்குப் பெயர் போய்ச்சேருகிறது. பழைய வண்டி ஆயிலைத் தயவுசெய்து தடவாதீர்கள். கன்று நக்கினால் நஞ்சு. சீமையகத்தி இலை வேறு கதை. அதிலுள்ள கிரைசோபனிக் அமிலத்துக்குப் பூஞ்சையைத் தடுக்கும் குணம் உண்டு. நார்வேயில் தடுப்பூசி போட்டே மாட்டுப் படர்தாமரையைப் பெருமளவு ஒழித்தார்கள். கன்று சாகாத நோய்க்கு எதற்குப் பணம் என்று ஆராய்ச்சி நிதி ஒதுக்குபவர்கள் நினைத்தால், அந்த மகளின் கையைப் பார்க்கட்டும்.

மகளைத் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு களிம்பு அரிப்பை அடக்கி, பூஞ்சையை வளர்த்துவிடும். கன்றைத் தனியே கட்டி, கையுறை போட்டுத் தொடுங்கள். அது கழுத்தை உரசும் முளைக்குச்சியைச் சுரண்டித் தேய்த்து, பிளீச்சிங் பவுடர் கரைசலால் கழுவுங்கள். பொருக்கில் ஒட்டிய வித்து அங்கே வருடக்கணக்கில் உயிரோடு கிடக்கும்.