அம்மாயி உட்கார்ந்திருக்கட்டும், பிள்ளை ஓடட்டும்

குளிர் மாதங்களில் தாய்மார் என்னிடம் கேட்பதெல்லாம் சளியைப் பற்றித்தான். ஒன்று, இரண்டு வயதுப் பிள்ளை காலையிலிருந்து இரவு வரை என்ன செய்கிறது என்று யாரும் பேச்செடுப்பதில்லை. நான்தான் கேட்க வேண்டியிருக்கிறது. பதில் பெரும்பாலும் இப்படித்தான் வரும்: "கட்டில்லதான் இருக்கான் மிஸ். போனைக் குடுத்தா சத்தமில்லாம இருப்பான்."

இலங்கை மலையகத்தில், தேயிலைத் தோட்டப் பகுதியில் குடும்பநல உத்தியோகத்தராக வேலை செய்கிறேன். லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், அந்தப் பெயரைச் சொன்னால் யாருக்கும் விளங்காது, மிட்வைஃப் மிஸ் என்றால்தான் தெரியும். பிறந்த பிள்ளையை நிறுத்து, அளந்து, தடுப்பூசிக்கு வரச் சொல்லி, கூடவே வருகிற வேலை இது. எடை குறைந்தால், பிள்ளையின் எடையைக் குறிக்கிற கிளினிக் கொப்பியில் கோடு இறங்கி உடனே காட்டிக்கொடுத்துவிடும். ஓடாமலும் பேசாமலும் கம்பளிக்குள் கிடந்த மாதங்களை அந்தக் கோடு காட்டாது.

முதலில் குளிரையே கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. தை, மாசியில் சில விடியற்காலைகளில் புல்லில் உறைபனி படியும், கொழுந்து கருகும். அந்த நேரத்தில் பிள்ளையை வெளியே விடச் சொல்ல மாட்டேன். ஆனால் அதே நாளில் பத்து மணிக்கு மேல் பளிச்சென்று வெயில் அடிக்கும். ஹட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கம் பிள்ளைகள் உண்மையிலேயே உள்ளே முடங்குவது ஆனி, ஆடியில், தென்மேற்குப் பருவமழை விடாமல் ஊற்றும்போது. பதுளை, பசறை, லுணுகலைப் பக்கம் மார்கழியும் தையும்தான் மழை. ஆக, குளிர்காலம் என்று சொல்லி மாதக்கணக்கில் கதவைச் சாத்தி வைக்க வேண்டியதில்லை. வெயில் எட்டிப்பார்க்கிற ஒரு மணித்தியாலம் கிடைத்தால் தொப்பியும் சொக்ஸும் போட்டு முற்றத்தில் விடுங்கள். சளியைக் கொண்டுவருவது வைரஸ். மூடிய காம்பராவில் (அறையில்) ஒருவர் இருமினால் அங்கே இருக்கிற எல்லோருக்கும் அது சுலபமாகப் பரவும்.

சரி, வெயிலே வராத நாளில் என்ன செய்வது?

உலக சுகாதார அமைப்பு 2019இல் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு ஒரு வழிகாட்டல் வெளியிட்டது. ஒரு வயதும் இரண்டு வயதும் ஆன பிள்ளைகள் நாளொன்றுக்குக் குறைந்தது 180 நிமிடம் உடலை அசைக்க வேண்டும். ஒரு வயதுப் பிள்ளைக்குத் திரையே வேண்டாம். இரண்டு வயதில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போகக்கூடாது, அதைவிடக் குறைத்தால் இன்னும் நல்லது. இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில், பாதியைக் கட்டில் பிடித்துக்கொண்டிருக்க, மூன்று மணித்தியாலம் எங்கே மிஸ் ஓடுவது? நியாயமான கேள்விதான். ஆனால் அந்த 180 நிமிடம் ஒரே ஓட்டமாக ஓட வேண்டிய கணக்கில்லை. ஐந்து நிமிடம், பத்து நிமிடமாக நாள் முழுக்கச் சிதறிக் கிடக்கலாம். நடப்பது, குனிவது, ஏறுவது, தள்ளுவது எல்லாமே சேரும்.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். இணையத்தில் வருகிற யோசனைகள் எல்லாம் வீட்டில் இளம் தாய் ஒருத்தி இருக்கிறாள், கையில் வண்ணக் காகிதமும் கத்தரிக்கோலும் இருக்கின்றன என்று வைத்துக்கொண்டு எழுதியவை. இங்கே தாய் காலையில் கொழுந்து பறிக்க மலைக்குப் போய்விடுவாள். தோட்டத்துப் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்கிற பிள்ளைக் காம்பராவுக்கு அனுப்பினால் ஆயாம்மா பார்த்துக்கொள்வார். இருமலோ அடைமழையோ என்றால் அனுப்ப மாட்டார்கள், அம்மாயியிடம் (அம்மாவின் அம்மா) அல்லது அப்பாயியிடம் (அப்பாவின் அம்மா) விட்டுவிடுவார்கள். இளமை முழுக்கக் கூடை சுமந்த முதுகு அது. முழங்கால் வலி வேறு. அவரைப் பிள்ளையின் பின்னால் ஓடச் சொல்வது அநியாயம். அவர் உட்கார்ந்திருக்க, பிள்ளை மட்டும் ஓடுகிற விளையாட்டுகள்தான் நமக்கு வேண்டும்.

அதில் எனக்கு மிகவும் பிடித்தது ஏவல் விளையாட்டு. அம்மாயி ஸ்தோப்பில் (முன் திண்ணையில்) முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, "தாத்தா செருப்பு எங்க? எடுத்துட்டு வா" என்று அனுப்ப வேண்டும். கொண்டுவந்ததும், "அடடே, இது தாத்தா செருப்பேதான்! இப்ப அக்கா தொப்பி." ஒன்றரை வயதுப் பிள்ளைக்கு ஒரு சாமான் போதும். இரண்டு வயதைத் தாண்டியதும் இரண்டு வேலையாகச் சேர்த்துச் சொல்லலாம்: "கரண்டிய எடுத்து வாளியில போடு." கால் மணித்தியாலத்தில் பிள்ளை வீட்டை எத்தனையோ முறை சுற்றி வந்துவிடும். கூடவே செருப்பு, தொப்பி, வாளி, உள்ளே, மேலே, கீழே என்று சொற்களும் சேரும். நடையும் பேச்சும் ஒன்றாக வளர இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியாது. பிள்ளை தப்பான சாமானைக் கொண்டுவந்தால் திட்டாதீர்கள், "இது கிண்ணம்" என்று பெயரைச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள்.

தள்ளுவதும் இழுப்பதும் அடுத்தது. பழைய கொழுந்துக் கூடைக்குள் நான்கு உருளைக்கிழங்கைப் போட்டுக் கொடுத்தால் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு இழுத்துக்கொண்டே இருக்கும். கொஞ்சம் தண்ணீர் ஊற்றி மூடியை இறுக்கிய பிளாஸ்டிக் கேனும் நல்லது, கனம் இருந்தால்தான் உடம்பு சூடேறும். மேசைக்கு மேல் ஒரு பழைய சேலையைப் போட்டுவிட்டால் கீழே தவழ்ந்து போகக் குகை தயார். தலையணைகளை வரிசையாகப் போட்டு மிதித்து நடக்க விடலாம். வழுக்கினால் தாங்க, கீழே ஒரு கம்பளி. கனமான உடுப்பாக ஒன்று போடுவதைவிட மெல்லியதாக இரண்டு, மூன்று போடுங்கள். ஓடி வியர்த்தால் ஒன்றைக் கழற்றிவிடலாம். வியர்வையில் நனைந்த சுவெட்டரோடு பிள்ளையைத் தூங்க விடக்கூடாது.

ஓடிக் களைத்த பிறகு கைக்கு வேலை. ரொட்டிக்கு மாப் பிசையும்போது ஓர் உருண்டையைக் கிள்ளிக் கொடுத்தால் அது பாம்பாகும், முட்டையாகும், கடைசியில் கறுப்பாகி ஒன்றுக்கும் உதவாமல் போகும். போகட்டும். கரட், லீக்ஸ், பீட்ரூட்டை ஒரே குவியலாகப் போட்டுப் பிரிக்கச் சொல்லலாம். சொக்ஸுக்கு ஜோடி தேடுவது இரண்டரை வயதுக்கு மேல் பிடிக்கும். பால்மா டின்னும் கரண்டியும் கொடுத்தால் தப்பு மேளம் கேட்கும். பக்கத்துக் காம்பராவில் இரவு வேலை முடித்துத் தூங்குகிறவர் இருந்தால் மட்டும் வேண்டாம், சண்டை வரும்! உள்ளங்கையில் பருப்புக் கடைந்து, ஆளுக்கொரு வாய் கொடுத்து, அக்குள்வரை நண்டு ஊர விடுகிற விளையாட்டை அம்மாயிமாருக்கு நான் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. போன் வந்த பிறகு அவர்களே மறந்துபோனார்கள், ஞாபகப்படுத்தினால் போதும்.

போனைப் பற்றி நான் சண்டை பிடிப்பதில்லை. வெளிநாட்டில் வேலை செய்கிற அம்மா வீடியோ கோலில் பிள்ளையோடு பேசுவதை நான் திரைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. அது பேச்சு, அது வேண்டும். சாப்பாடு ஊட்டும்போது மட்டும் போனை வைக்காதீர்கள் என்றுதான் கெஞ்சிக் கேட்கிறேன். வயிறு நிறைந்ததும் தெரியாமல், வாயில் இருப்பது என்னவென்றும் தெரியாமல் விழுங்கும் பழக்கம் அங்கேதான் தொடங்குகிறது.

வீட்டுக்குள் இருப்பதால் வருகிற ஆபத்துகளுக்குத்தான் நான் பனியைவிடக் கூடுதலாகப் பயப்படுகிறேன். முதலாவது புகை. கவ்வாத்து மிலாறு (தேயிலைச் செடியில் வெட்டிய குச்சி) எரிகிற அடுப்பு, சாத்திய ஜன்னல், அடுப்புக்கு மேல் காயப்போட்ட ஈர உடுப்பு, நடுவில் பிள்ளை. அந்தப் புகை சின்ன நெஞ்சைக் கெடுத்து நியூமோனியாவுக்கு வழிவிடும். சமைக்கும் நேரத்தில் பிள்ளை முன் காம்பராவிலோ ஸ்தோப்பிலோ இருக்கட்டும், குளிரடித்தாலும் அடுப்படியில் ஜன்னல் திறந்திருக்கட்டும். குளிர் காயக் கரிச்சட்டியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தித் தூங்குவது இன்னும் மோசம். அதிலிருந்து வருகிற கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமும் கிடையாது, நிறமும் கிடையாது. தூக்கத்திலேயே ஆளைக் கொல்லும்.

இரண்டாவது சுடுதண்ணீர். குளிர் நாளில் கேத்தல் எந்நேரமும் கொதிக்கும், தேத்தண்ணிக் கோப்பை கட்டில் ஓரத்தில் இருக்கும், பிள்ளை எட்டி இழுக்கும். சுட்டுவிட்டால் அந்த இடத்தில் குழாய்த் தண்ணீரை 20 நிமிடம் ஓட விடுங்கள். நம் ஊர்த் தண்ணீர் சில்லென்று இருக்கும் என்பதால் மற்ற உடம்பைக் கம்பளியால் போர்த்திக்கொள்ளுங்கள். பற்பசை, மை, ஐஸ் எதுவும் வேண்டாம். 1990 என்ற எண்ணுக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும், காசு கேட்க மாட்டார்கள். சோடாப் போத்தலில் மண்ணெண்ணெய் ஊற்றி வைக்கிற வழக்கத்தையும் இன்றைக்கே விட்டுவிடுங்கள். பிள்ளை குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். கடலை, பொத்தான், ரிமோட்டில் இருக்கிற வட்டப் பற்றரி ஆகியவை தரையில் கிடக்கக்கூடாது. பற்றரியை விழுங்கினால் அதுவும் அவசரம்தான்.

இருமல் வந்த பிள்ளை விளையாடினால் விளையாடட்டும். விளையாட மறுத்துச் சோர்ந்து கிடந்தால் சட்டையைத் தூக்கி நெஞ்சைப் பாருங்கள். ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். ஒரு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு 40ஐத் தொட்டாலோ தாண்டினாலோ, மூச்சிழுக்கும்போது நெஞ்சின் கீழ்ப்பக்கம் உள்ளே குழிந்தாலோ, கசாயம் வைத்துக்கொண்டு காத்திருக்கும் நேரம் அதுவல்ல.

மலையிலிருந்து நனைந்து வருகிற தாய்க்கும் ஒரு வார்த்தை. உடுப்பை மாற்றிவிட்டு, அடுப்பை மூட்டுவதற்கு முன் பத்து நிமிடம் பிள்ளையோடு தரையில் உட்காருங்கள். ரொட்டி கொஞ்சம் பிந்தட்டும், இல்லாவிட்டால் அப்பா சுடட்டும்.

"குளிருக்குக் கால் வரல மிஸ், சித்திரை வந்தா நடப்பான்" என்று சில வீடுகளில் சொல்வார்கள். 18 மாதமாகியும் தனியாக நடக்காத பிள்ளையையும், இரண்டு வயதாகியும் இரண்டு சொல்லைச் சேர்த்துப் பேசாத பிள்ளையையும் சித்திரை வரை வைத்திருக்காதீர்கள். அடுத்த கிளினிக் நாளுக்கும் காத்திருக்க வேண்டாம். நாங்கள் லயத்துக்கு வரும் நாளில் வாசலிலேயே நிறுத்திச் சொல்லுங்கள்.