மெட்ராஸ் ஐயும் வெண்படலத்தின் மேல் விழுந்த பழியும்

ஐப்பசி மழை பிடித்தால் போதும், கண் மருத்துவமனைகளில் சிவந்த கண்களின் வரிசை நீளும். கூடவே 'விழிவெண்படல அழற்சி பரவுகிறது' என்ற செய்தியும் வந்துவிடும். மக்களுக்கு அது மெட்ராஸ் ஐ, ஊர்ப்பக்கம் வெறும் கண்வலி. அந்த இரண்டிலும் குழப்பமில்லை. படித்தவர்கள் எழுதுகிற மூன்றாவதில்தான் குழப்பம்.

இதன் ஆங்கிலப் பெயரான கஞ்சங்டிவைட்டிஸ் என்பதில் பின்பாதி அழற்சி. அழல் என்றால் தீ. நல்ல சொல், இருக்கட்டும். முன்பாதி, 'ஒன்றுசேர்த்தல்' என்னும் லத்தீன் வினையிலிருந்து வந்தது. அது குறிப்பது இமையின் உட்புறத்தை மூடி, மடிந்து திரும்பி, கருவிழி விளிம்புவரை படரும் மெல்லிய சவ்வை.

அந்தச் சவ்வு வெள்ளையே இல்லை; கண்ணாடிபோல ஊடுதெரிவது. வெள்ளையாகத் தெரிவது அதற்கடியில் உள்ள ஸ்கிளீரா என்னும் வெண்படலம். அப்படியானால் விழிவெண்படல அழற்சி என்றால் ஸ்கிளீரைட்டிஸ் என்றல்லவா பொருள்? அது வேறு நோய். இரவில் தூக்கத்தைக் கலைக்கும் குடைச்சல், முடக்குவாதக்காரர்களிடம் அதிகம், கவனிக்காவிட்டால் பார்வைக்கே ஆபத்து. மெட்ராஸ் ஐயில் உறுத்தலும் நீர்வடிதலும் காலையில் இமை ஒட்டுதலும்தான். ஒரு கண்ணில் தொடங்கி இரண்டு மூன்று நாளில் மறுகண்ணுக்குத் தாவி, பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் தானே அடங்கும். மருத்துவர் மரப்புச் சொட்டு விட்டு, ஈரப் பஞ்சுக்குச்சியால் மெல்லத் தள்ளிப் பார்ப்பார். சிவந்த ரத்தநாளம் குச்சியோடு நகர்ந்தால் மேல்சவ்வு; அசையாமல் கிடந்தால் வெண்படலம். ஒரு பஞ்சுக்குச்சி பிரித்துக்காட்டுவதை இந்தச் சொல் ஒன்றாக்கிவிடுகிறது.

இமையிணைப்படலம் என்றால் தீர்ந்தது. இமையையும் விழியையும் இணைப்பது. மூலச்சொல்லின் பொருளும் அதுவே. வாயில் நுழையாது என்பார்கள். எண்ணிப் பாருங்கள், விழிவெண்படலத்தைவிட ஓர் எழுத்துதான் கூடுதல். அகராதியைப் பார்த்து எழுதுகிறவர்கள் கண்ணைப் பார்த்தும் எழுதலாம். ஆங்கிலத்தின் 'பிங்க் ஐ'யை 'இளஞ்சிவப்புக் கண்' என்று மொழிபெயர்க்கிறவர்களை என்ன சொல்ல? ரத்தச்சிவப்பாக நிற்கிறவரிடம் போய் அதைச் சொல்லிப் பாருங்கள்.

மெட்ராஸ் ஐ என்ற பெயருக்கு ஒரு கதை சுற்றுகிறது: இந்தக் கண்வலியை உண்டாக்கும் அடினோ வைரஸை 1918-இல் சென்னையில் கண்டுபிடித்தார்களாம். அந்த வைரஸ் முதன்முதலில் பிரித்தெடுக்கப்பட்டதே 1953-இல், அமெரிக்காவில், மூக்கின் பின்புறச் சதையிலிருந்து. எழும்பூர் கண் மருத்துவமனை 1819-இலிருந்து இருப்பது உண்மை. அந்தப் பெருமை போதும், இந்தக் கதை வேண்டாம்.

இதேபோல் இன்னொன்று, ஒவ்வாமையால் வரும் 'வெர்னல்' வகைக் கண் அழற்சிக்கு 'வசந்தகாலக் கண் ஒவ்வாமை' என்ற பெயர். வசந்தம் குளிர்நாட்டுக் கணக்கு. இங்கே பையன்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு, நூல்நூலாகப் பீளையோடு அதிகம் வருவது பங்குனி வெயில் தொடங்கிக் கத்திரி வரை. வேனில் ஒவ்வாமை என்று எழுதினால் அழைத்துவரும் தாய்க்கே விளங்கிவிடும்.